எடைக்கு எடை வெல்லம்

என் மாமனார் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் என்னைப் பார்த்தார். மாட்டுச் சந்தையில் காளைக்கு விலை பேசுவதற்கு முன் அவர் பார்க்கும் பார்வை அது. நானோ கூடத்துத் தூணை ஒரு கையால் கட்டிக்கொண்டு, மறு கையில் கஞ்சி டம்ளரோடு, எழுந்து நிற்க முடிகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தேன். சீரகம் தட்டிப் போட்ட கஞ்சியின் ஆவி முகத்தில் அடித்தது.

"போன வெள்ளிக்கு இந்த வெள்ளி ஒரு வீசை ஏறியிருக்கும்" என்றார், தூணைப் பார்த்து.

மருமகளோடு மாமனார் நேருக்கு நேர் பேசும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தூணிடம் சொல்வார். தூண் பக்கத்தில் இல்லாவிட்டால் மாட்டிடம் சொல்வார். அந்தத் தூணுக்குத் தெரியாத குடும்ப விஷயமே இல்லை.

"அந்தக் கண்ண மொதல்ல தொறய்யா!" அடுப்படியிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "அது மருமவளா, மாடா? இப்பிடிக் கண்ணு வெச்சா கஞ்சி உள்ள எறங்குமா?"

"நான் இன்னா கண்ணா வெச்சேன்? எட பாத்தேன்."

"அதுக்குப் பேருதான் கண்ணு வெக்கிறது."

நான் டம்ளரைப் பாதியில் கீழே வைத்துவிட்டேன். பசி அடங்கவில்லை. ஆனால் நான் குடிக்கும் ஒவ்வொரு மடக்கும் அந்த மனிதரின் கண்ணில் வெல்லமாக மாறிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அது தெரிந்த பிறகு எந்தக் கஞ்சி தொண்டையில் இறங்கும்?

போன வாரம் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியபோது, "அந்த வருஷமே சாகக் கிடந்தேன்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு மாப்பிள்ளை அழைப்புக்குப் போய்விட்டேன். சாகக் கிடந்தவள் எப்படிப் பிழைத்தாள் என்று சொல்லாமல் நாதஸ்வரக்காரரின் குடுமியைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவதா என்று வாசகி ஒருவர் கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம். சொல்லிவிடுகிறேன்.

குறுக்கே வைத்த கை

நான் பிறந்தது வில்லியனூரில். வாழ்க்கைப்பட்டது பாகூருக்குப் பக்கத்தில். இரண்டும் பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர்கள்தாம். ஆனால் சோற்று விஷயத்தில் இரண்டும் வேறு வேறு தேசங்கள் என்பது எனக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

எங்கள் அம்மா நகைநட்டோடு புத்திமதியும் கட்டிக் கொடுத்தாள். நகையில் கஞ்சத்தனம் காட்டியவள், புத்திமதியில் தாராளமாக இருந்தாள். அதில் முதலாவது இது: "போற எடத்துல ரெண்டாந்தரம் சோறு கேட்டுடாத. போட வந்தா இலைக்குக் குறுக்கக் கைய வெச்சிப் போதும்னு சொல்லு. அவங்களே கையத் தள்ளிட்டுப் போடுவாங்க. அப்பத் துன்னு."

வில்லியனூரில் எங்கள் உறவு வீடுகளில் இது ஒழுங்காக நடந்துவந்த காரியம். மறுப்பது சாப்பிடுகிறவர் வேலை. கையைத் தள்ளிவிட்டுப் போடுவது பரிமாறுகிறவர் வேலை. இரண்டு மூன்று முறை மறுத்துவிட்டு, இலை நிறைந்த பிறகு, "ஐயோ, இவ்ளோ போட்டுட்டீங்களே" என்று சலித்துக்கொண்டே சுத்தமாக வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்போம்.

பாகூர் மாமியாருக்கு இந்த விளையாட்டு தெரியாது. போன மறுநாள் வாழைக்காய் வறுவலோடு வந்தார். எனக்கு உயிர் அது. நான் மரியாதையாகக் கையைக் குறுக்கே வைத்து, "போதும் அத்தை" என்றேன். அவர் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் கரண்டியோடு திரும்பிப் போய்விட்டார். மிளகாயும் பெருங்காயமும் மணக்க அந்த வறுவல் என்னைக் கடந்து அடுத்த இலைக்குப் போனதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அவர் கல்நெஞ்சக்காரி இல்லை. மனதில் பட்டதைச் சொல்லும் மனுஷி, மற்றவர்களும் அப்படித்தான் என்று நம்பினார். நானோ வாயைத் திறந்து கேட்டால் வில்லியனூர் மானம் போய்விடும் என்று நம்பினேன். புதுப்பெண் விருந்து முடிந்த பிறகு மருமகள் கடைசியில் சாப்பிடுவது ஊர் வழக்கம். சட்டியில் மிச்சமிருப்பதைத் தின்று, அதற்கும் "போதும்" சொல்லி, கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கைகள் தோளில் நிற்காமல் நழுவுகிற நிலைக்கு வந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் காய்ச்சல் வந்தது.

மாமனார் வாயைத் திறந்தார்

ஐப்பசி அடைமழையில் வந்த விஷக்காய்ச்சல், கார்த்திகை தீபத்துக்குக்கூட இறங்கவில்லை. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. நடுவில் சில நாட்கள் எனக்கு நினைவே இல்லை. வில்லியனூரிலிருந்து அம்மாவை அழைத்துவர வண்டி போயிற்று என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட ஒரு மத்தியானம், என் மாமனார் மாரியம்மன் கோயிலுக்குப் போய், பூசாரியின் முன்னால், வாய்விட்டு அழுதுகொண்டே வேண்டிக்கொண்டார். "தாயே, எங்க வூட்டுக்கு வந்த பொண்ண எழுப்பிக் குடுத்துடு. அது எடைக்கு எட வெல்லம் தரேன்."

இதை நம்பவே ஊருக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. என் மாமனார் எப்படிப்பட்டவர் என்றால், எறும்பு இழுத்துப்போன வெல்லத் துணுக்குக்காக எறும்புப் புற்றுவரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து எடைக்கு எடை என்று வந்துவிட்டது. அதுவும் பூசாரி காதில் விழும்படி.

அம்மனும் உடனே காது கொடுத்துவிட்டாள். நாலைந்து நாளில் காய்ச்சல் இறங்கியது. நான் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டேன். மாமனார் ஆனந்தக் கண்ணீர் விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே வயலுக்குப் போனவர், முகம் செத்துத் திரும்பி வந்தார். மழைக் காற்றில் கரும்பு முழுக்கச் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. சாய்ந்த கரும்பின் சாறு எவ்வளவு காய்ச்சினாலும் நல்ல வெல்லமாக உருண்டை பிடிக்காது. அம்மனுக்குக் கொடுக்க வேண்டிய வெல்லத்தை வெளியில்தான் வாங்க வேண்டும்.

அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் அப்போது துடைப்பக்குச்சிக்குச் சேலை சுற்றியதுபோல் இருந்தேன். மாமனாருக்கு அதைவிட நல்ல நேரம் எப்போது வாய்க்கும்? மறுநாளே பூசாரியிடம் ஓடியிருக்கிறார். "நாளைக்கே எட போட்டுடலாமா? கட்டிலோட தூக்கியாந்துடறோம். கட்டில் எடைய அப்பறம் கழிச்சுக்கலாம்."

பூசாரி மசியவில்லை. "யாருக்கு வேண்டிகினியோ அவங்க, யாரும் புடிக்காம, தன் கால்ல நடந்து வந்து தட்டுல குந்தணும். அப்பத்தான் ஆத்தா கணக்குல சேரும். மாசித் திருவிழா தாண்டக் கூடாது. தாண்டினா வந்த காய்ச்சல் திரும்பி வரும். பாத்துக்க."

இந்தக் கடைசி வார்த்தை எங்கள் வீட்டுக்காரர் வழியாக என் காதுக்கும் வந்தது. இன்னொரு காய்ச்சலைத் தாங்க என் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. நடந்தாக வேண்டும், மாசிக்குள்.

பலம் வேறு, கனம் வேறு

புதுச்சேரியிலிருந்து வாரம் ஒரு நாள் ஒரு டாக்டர் சைக்கிளில் வருவார். சவரிநாதர் என்று பெயர். ஊரில் எல்லோரும் பிரெஞ்சுக்காரர் பாணியில் 'தொக்தேர்' என்பார்கள். சிரிக்காமல் கேலி பேசுவதில் கெட்டிக்காரர்.

அவர் என் நாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மாமனார் வாசற்படியில் நின்று கேட்டார்: "தொக்தேர், பலம் வரணும், கனம் வரக் கூடாது. அந்த மாதிரி ஆகாரம் இன்னா இருக்குது?"

டாக்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். "இருக்குதே. காத்து."

"காத்தா?"

"காலைல கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். செலவும் கெடயாது."

மாமனார் அதை அப்படியே நம்பிவிட்டார். மறுநாள் விடிந்ததும் என் கட்டிலை முற்றத்தில் கொண்டுபோய்ப் போடச் சொன்னார். மார்கழிக் குளிரில் நான் வெடவெடக்க, "மூச்ச நல்லா இழுத்து உடச் சொல்லு" என்று மாட்டிடம் சொன்னார். மாமியார் துடைப்பத்தோடு வந்தபோதுதான் அந்த வைத்தியம் முடிந்தது.

டாக்டர் உண்மையில் சொன்ன வைத்தியம் வேறு. "கொடல் புண்ணாக் கெடக்குதும்மா. பச்சப் புள்ள மாதிரின்னு வெச்சுக்கோ. அதட்டினா அழும். கொஞ்சங் கொஞ்சமாக் குடு. இன்னிக்குக் கஞ்சித் தெளிவு. அது ஒத்துக்கிட்டா ஜவ்வரிசி. அப்பறம் கொழையவெச்ச சோறு, மோர், ரொட்டியும் பாலும். பசிச்சா பசிக்குதுன்னு சொல்லணும். சும்மா கைய குறுக்க வெக்கக் கூடாது."

கடைசியில் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. என் வில்லியனூர் வழக்கம் அவருக்கு எப்படித் தெரிந்தது? பிறகுதான் தெரிந்தது, அவர் மனைவியும் வில்லியனூராம்.

குடைக்குள் ரொட்டி

ரொட்டி என்றால் சப்பாத்தி என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் நினைப்பார்கள். நான் சொல்வது புதுச்சேரி அடுப்பில் சுட்ட, முழங்கை நீளமுள்ள, மேலே மொறுமொறுப்பும் உள்ளே பஞ்சுமாக இருக்கும் ரொட்டி. எங்கள் பக்கத்தில் அதை நோயாளிகள்தான் தின்பார்கள். யார் வீட்டுக்காவது ரொட்டி போனால், "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று தெருவே கேட்கும்.

எங்கள் வீட்டுக்காரர் சாதுவான மனிதர். அப்பாவுக்குப் பயம், அம்மாவுக்குப் பயம், கல்யாணமான புதிதில் எனக்கும் பயம். ஆனால் நான் நோயில் விழுந்ததும் அவருக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்துவிட்டது. டவுனுக்குப் போகும்போதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு ரொட்டி வாங்கி, மடக்கிய குடைக்குள் செருகிக்கொண்டு வருவார்.

டவுனிலிருந்து எங்கள் ஊருக்கு வர, நடுவில் இங்கிலீஷ்காரன் எல்லை ஒரு துண்டு குறுக்கே வரும். அங்கே சுங்கச் சாவடிச் சேவகன் ஒருநாள் குடையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா உள்ள?" என்றானாம். "பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்ல" என்றாராம் இவர். சேவகன் போகச் சொல்லிவிட்டானாம். அரசாங்கத்துக்கே இரக்கம் இருந்தது. வீட்டில்தான் மாட்டிக்கொண்டார்.

அன்றைக்குப் பார்த்துத் திடீரென்று தூறல் போட்டது. மாமனார் களத்துக்கு ஓட அவசரமாகக் குடையை எடுத்து, முற்றத்தில் நின்று விரித்தார். ரொட்டி அவர் தலையில் விழுந்து, தோளில் பட்டு, காலடியில் உருண்டது.

அவர் அதைக் கையில் எடுத்தார். ஒரு கண்ணை மூடினார். எடை பார்த்தார்.

"காத்து மாதிரிதான் இருக்குது" என்று தூணிடம் சொல்லிவிட்டு, ரொட்டியை என் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, குடையை மறந்து மழையில் நனைந்துகொண்டே போய்விட்டார். அன்றிலிருந்து ரொட்டிக்கு மட்டும் வீட்டில் பகிரங்க அனுமதி கிடைத்தது. பாலில் ஊறினால் அது என்ன கனம் கனக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கன்றுக்குட்டிக்குக் கிடைத்த யோகம்

இப்படிச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேனே தவிர, அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் உடம்பின் மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு. கண்ணாடியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். நிற்கும்போது முழங்கால் நடுங்கினால், "சனியனே, நில்லு" என்று அதன் மேல் குத்துவேன். பசித்தால், "உனக்கு ஒரு கேடா?" என்று வயிற்றைத் திட்டுவேன். எதிரியைக்கூட நான் அப்படிப் பேசியதில்லை.

கொட்டகையில் அப்போது ஒரு கன்று பிறந்திருந்தது. தாய்ப்பசு அதைக் கிட்டே சேர்க்கவில்லை, உதைத்துத் தள்ளியது. மாமியார் காலையும் மாலையும் அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு, விரலைப் பாலில் நனைத்து நக்கக் கொடுப்பார். என் கட்டிலுக்கு அவர் பேசுவது தெளிவாகக் கேட்கும்.

"வாடி ராசாத்தி. ஒரு வாய்டி. எந்திரிக்க முடியலயா? பரவால்ல, படுத்துகினே குடி. நேத்து மூணு வாய் குடிச்ச, இன்னிக்கு நாலு வாய் குடிச்சா போதும். யாரு உன்ன வெரட்டறா? மெதுவா எந்திரி. கால் நடுங்குதா? நடுங்கட்டும்டி, புதுக் காலுதானே."

எனக்குக் கன்றின் மேல் பொறாமையாக இருந்தது. மாட்டுப் பொங்கலுக்கு வாங்கும் மரியாதையை அது தினமும் வாங்கிக்கொண்டிருந்தது. அதே சமயம், அதைத் தவிர வேறு துணையும் எனக்கு இல்லை. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். பாதிக் கஞ்சியை நான் குடிப்பேன். மீதிப் பாதியை, மாமியார் அந்தப்பக்கம் திரும்பியதும், சுவரைப் பிடித்து மெல்லப் போய்க் கன்றின் தொட்டியில் ஊற்றிவிடுவேன். என் கனம் ஏறாது, மாமனாருக்கு வெல்லம் மிச்சம். கன்றுக்கும் நல்லது. இதைவிடக் கெட்டிக்காரத்தனம் உலகத்தில் உண்டா என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

தை பிறந்ததும் கெட்டிக்காரத்தனம் பல்லைக் காட்டியது. நடந்து பழகப் போனவள் தொழுவத்துக்கும் கூடத்துக்கும் நடுவில் மயங்கி விழுந்தேன். உதடு கிழிந்தது. மாசிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மாமியார் என்னைத் தூக்கிப் படுக்க வைத்தார். மறுபடியும் காய்ச்சலோ என்று எல்லோரும் என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

தூண் வழியாக ஒரு பஞ்சாயத்து

விஷயத்தைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, மாமனாரின் கண்தான்.

மறுநாள் காலை அவர் கொட்டகையில் நின்று, ஒரு கண்ணை மூடிக் கன்றைப் பார்த்தார். பிறகு கூடத்துக்கு வந்து என்னைப் பார்த்தார். மறுபடியும் கொட்டகைக்குப் போனார். இப்படி இரண்டு மூன்று நடை நடந்துவிட்டு, தூணுக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏ தூணே. கன்னுக்குட்டி ஏறுது. பொண்ணு எறங்குது. ஒருத்தி கஞ்சிய ஒருத்தி குடிச்சா மட்டுந்தான் இப்பிடி ஆவும். இன்னா நடக்குது இந்த வூட்டுல?"

மாமியார் கையில் கரண்டியோடு ஓடி வந்தார். எங்கள் வீட்டுக்காரர் கதவுக்குப் பின்னால் நின்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமனாரிடம் நேரே எப்படிப் பேசுவது? நானும் தூணிடமே திரும்பினேன்.

"தூணே, மாமாகிட்ட சொல்லு. கரும்பு சாஞ்சிடுச்சு, வெல்லம் வெளியதான் வாங்கணும். நான் துன்னத் துன்ன அவருக்குத்தானே செலவு? அதனாலதான்."

சொல்லிவிட்டு நான் அழுதேன். கொட்டகையில் கன்று மட்டும் தொட்டியை நக்கிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

மாமனார் தூணை விட்டு விலகினார். அந்த வீட்டுக்கு நான் வந்து முதல்முறையாக, இரண்டு கண்ணையும் திறந்து, என்னைப் பார்த்து நேராகப் பேசினார். "யம்மா. நான் வெல்லத்துக்கா வேண்டிகினேன்? உனக்குத்தானே வேண்டிகினேன்?"

துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"காய்ச்சல் எறங்கின மறுநாளே கட்டிலோட தூக்கறேன்னு நின்ன ஆளுதானே நீ!" மாமியார் பிடித்துக்கொண்டார். "பேச்சப் பாரு! உன் கண்ணாலதான்யா இந்தப் பொண்ணு பட்டினி கெடந்துது. இனிமே இதைப் பாத்து அந்த ஒத்தக் கண்ண மூடினே, மூடின கண்ணு மூடினதுதான். ஆத்தா மேல ஆணையா சொல்லு, எட பாக்க மாட்டேன்னு."

"பாக்க மாட்டேன்."

"தூணுகிட்ட இல்ல, எங்கிட்ட சொல்லு."

சொன்னார். பிறகு மாமியார் என் பக்கம் திரும்பினார். எனக்கும் திட்டு காத்திருக்கிறது என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் குந்தி, கஞ்சி டம்ளரை என் வாயருகே கொண்டுவந்து, கன்றிடம் பேசும் அதே குரலில் சொன்னார்: "ஒரு வாய்டி ராசாத்தி. யாரு உன்ன வெரட்டறா?"

அன்றிலிருந்து நானும் என்னிடம் அந்தக் குரலில்தான் பேசினேன். முதலில் கூச்சமாக இருந்தது. முழங்கால் நடுங்கினால், "நடுங்கட்டும்டி, புதுக் காலுதானே" என்று தடவிக் கொடுப்பேன். பசித்தால், "பசிக்குதா கண்ணு, இதோ" என்பேன். கண்ணாடியைத் திருப்பி, புதிதாக முளைத்த கட்டை முடியைப் பார்த்து, "பரவால்ல, நாத்து நட்டாச்சு" என்றேன். ஒருநாள் எங்கள் வீட்டுக்காரர் இதை ஒட்டுக் கேட்டுவிட்டார். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று பயந்து, சைக்கிள் இரவல் வாங்கி டாக்டர் வீட்டுக்கே போய்விட்டார். டாக்டர் கேட்டுவிட்டு, "அவங்கள நிறுத்தச் சொல்லாதே. நீயும் பேசிப் பாரு, உன் பயந்தாங்கொள்ளிக் காலும் நல்லாயிடும்" என்று சொல்லி அனுப்பினாராம்.

அதட்டியபோது நகராத கால்கள், கொஞ்சியபோது நடந்தன. இது எந்த வைத்திய சாஸ்திரத்தில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. என் கால் அப்படித்தான் நடந்தது.

தராசுத் தட்டில்

மாசித் திருவிழா அன்று கோயில் முன் வேப்பமரக் கிளையில், வெல்ல மண்டியிலிருந்து இரவல் வாங்கிய பெரிய தராசு தொங்கியது. நான் யாரும் பிடிக்காமல் நடந்தேன். எங்கள் தெருமுனையில் ஒரு தடவை நின்று, "மெதுவா, மெதுவா" என்று என்னிடமே சொல்லிக்கொண்டு மறுபடி நடந்தேன். மேளக்காரர் எனக்காக அடியை நிதானப்படுத்தினார்.

நகை விஷயத்தில் கடைசி நிமிஷத்தில் ஒரு தகராறு. "நான் பொண்ணுக்குத்தான் வேண்டிகினேன், ஒட்டியாணத்துக்கு வேண்டிக்கல" என்றார் மாமனார். பூசாரி அதை ஒப்புக்கொண்டார். ஒட்டியாணம் மாமியார் இடுப்புக்குப் போயிற்று.

நான் தட்டில் குந்தினேன். எதிர்த் தட்டில் மாமனார் ஒவ்வொரு உருண்டையாக வைத்தார். சந்தையில் அவர் கண் சொன்ன எடைக்கு மேல் தராசைத் தேட மாட்டார்கள். அந்தக் கண்ணை நம்பி, சரியாக அளந்து கூடைகளில் வெல்லம் கொண்டுவந்திருந்தார். கூடைகள் காலியாகின. கடைசி உருண்டையும் வைத்தாயிற்று. என் தட்டு தரையை விட்டு அசையவில்லை.

மாமனார் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தராசைப் பார்த்தார். ஆணையிட்ட நாளிலிருந்து அவர் என்னை எடை பார்க்கவில்லை. பழைய கணக்கோடு வந்திருந்தார்.

"மருமவ நல்லாத் துன்னிருக்குதுடோய்!" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு மாதத்துக்கு முந்திய நானாக இருந்தால் அந்தத் தட்டிலேயே உயிரை விட்டிருப்பேன். அன்று முழங்காலைத் தடவிக்கொண்டு, "சிரிக்கட்டும்டி ராசாத்தி" என்று மெல்லச் சொன்னேன். சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மாமியார் முன்னால் வந்தார். மாவிலை மூடிய ஒரு கூடையை மாமனார் காலடியில் வைத்து இலையை விலக்கினார். முழுக்க வெல்லம். "உன்னத்தான எட பாக்காதேன்னு சொன்னேன்? நான் பாத்துகினுதான் இருந்தேன்" என்றார்.

மாமனாரின் முகம் மலர்ந்துபோயிற்று. கோபம் வரும் என்று பார்த்தால், ஊரைப் பார்த்துக் கத்தினார்: "பாத்துக்கங்கடா! என் கண்ணு மொதமொத தப்பாச்சு! எங்க வூட்டுச் சோறுடா அது!" உருண்டைகளை இரண்டு கையாலும் அள்ளி வைத்தார். என் தட்டு மெல்ல எழும்பி, இரண்டும் சமமாக நின்றன. அதற்கு மேலும் ஒரு உருண்டை வைத்தார். "இது இன்னாத்துக்கு?" என்றார் பூசாரி. "கண்ணு தப்பானதுக்கு அபராதம்" என்றார். என் தட்டு இன்னும் ஒரு சாண் மேலே போயிற்று.

அந்த வெல்லத்தில் ஒரு பங்கைப் போட்டு அங்கேயே பொங்கல் வைத்தார்கள். வேண்டுதல்காரி என்பதால் என்னை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். என் வாழ்க்கையில் அதுதான் முதல் முதல் பந்தி. நெய்யும் ஏலக்காயும் மணக்க, எங்கள் வீட்டுக்காரர் வாளியோடு வந்து பரிமாறினார். சாப்பிட்டு முடித்தேன். மறுபடி வாளியோடு வந்தார்.

என் கை, பழக்கதோஷத்தில், இலைக்குக் குறுக்கே போயிற்று. நான் அதைப் பார்த்தேன். மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றேன்.

பந்தியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் கரண்டியைத் தூக்கியபடி, என்ன செய்வதென்று தெரியாமல், எதிரே நின்ற அப்பாவைப் பார்த்தார்.

"இன்னாடா என்னப் பாக்கற?" என்றார் மாமனார். "அள்ளிப் போடுடா. அதான் எட போட்டாச்சே."